ஆட்டோபேயில் போடும் பில்லுக்கு எந்தக் கணக்கைக் காட்டுவது?

மும்பை மாதுங்காவில் தனியாக வசிக்கும், ஓய்வூதியம் வாங்கும் மாமி ஒருவர், கரண்ட் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "ஏம்ப்பா, ஆட்டோபேயில போட்டுட்டா தேதியே ஞாபகம் வச்சுக்க வேண்டாம்னு எல்லாரும் சொல்றா. ஆனா எவன் எப்போ எவ்வளவு எடுத்துண்டு போவான்னு பயமா இருக்கே?" அதே வாரத்தில் செம்பூரில் இருக்கும், இருவருமே வேலைக்குப் போகிற இளம் தம்பதியர், வீட்டில் வரும் ஒன்பது பில்களையும் ஒரே கிரெடிட் கார்டில் போட்டுவிடலாமா என்று கேட்டார்கள். தாராவியிலிருந்து காலி-பீலி எனப்படும் கறுப்பு-மஞ்சள் டாக்சி ஓட்டும் திருநெல்வேலிக்காரர் ஒருவருக்கோ கவலை வேறு. வண்டிக் கடனின் தவணை பவுன்ஸ் ஆகி, இரண்டு பக்கமும் அபராதம் கட்டிவிட்டு வந்திருந்தார்.

மூவருடைய கேள்வியும் ஒன்றுதான் என்றாலும், மூவருக்கும் ஒரே விடை பொருந்தாது. மாதச் சம்பளக்காரருக்குப் பாதுகாப்பாக இருக்கிற வழி, அன்றாடம் சம்பாதிப்பவருக்கு வம்பாக முடியக்கூடும். எனவே எது நல்லது என்ற முடிவுக்குப் போகும் முன், எதை வைத்து அளப்பது என்பதைப் பேசிவிடுவோம்.

## எதை வைத்து அளப்பது

பாதுகாப்பு என்றதும் பெரும்பாலோருக்குத் திருட்டுதான் நினைவுக்கு வருகிறது. ஆட்டோபே என்னும் தானியங்கிக் கட்டணத்தில் அது ஒரு பகுதி மட்டுமே. நான் பார்த்தவரை பணம் அதிகமாகப் போவது திருடனிடம் அல்ல; நாமே பின் நம்பரைப் போட்டு அனுமதி கொடுத்துவிட்டு மறந்துபோன இடங்களில்தான். ஆகவே ஒவ்வொரு வழியையும் ஐந்து கேள்விகளால் உரசிப் பார்க்கிறேன்.

தவறாக ஒரு தொகை பிடிக்கப்பட்டால், தகராறு தீரும் வரை கையைவிட்டுப் போயிருப்பது நம் பணமா, வங்கியின் பணமா என்பது முதல் கேள்வி. ஒரு தடவைக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பை நாம் வைக்கிறோமா, பில் அனுப்புபவர் வைக்கிறாரா என்பது இரண்டாவது. பணம் போவதற்கு முன்பே தகவல் வருகிறதா என்பது மூன்றாவது. வேண்டாம் என்று தோன்றினால் உட்கார்ந்த இடத்திலிருந்தே நிறுத்த முடியுமா, அல்லது கிளைக்குப் போய்ப் படிவம் நிரப்ப வேண்டுமா என்பது நான்காவது. கணக்கில் பணம் இல்லாத அன்று என்ன ஆகும், அதற்கு என்ன விலை என்பது கடைசி. மறைமுகச் செலவுகளில் பெரும்பாலானவை இந்த ஐந்தாவது கேள்விக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கின்றன.

## ரிசர்வ் வங்கி போட்டிருக்கும் வேலி

கார்டு, வாலட், யூபிஐ ஆகிய மூன்றுக்கும் பொதுவான விதிமுறை ஒன்று உண்டு. 2019 ஆகஸ்டில் கார்டுகளுக்காக ரிசர்வ் வங்கி வெளியிட்டு, 2020 ஜனவரியில் யூபிஐக்கும் விரிவாக்கிய இந்த ஏற்பாடு, 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அந்த மாதத்தில் பலருடைய ஓடிடி சந்தாக்களும் போன் பில்களும் திடீரென்று நின்றுபோனதற்கு அதுவே காரணம். இதன்படி, மேண்டேட்டை, அதாவது இன்னார் இவ்வளவு வரை பிடித்துக்கொள்ளலாம் என்று நாம் முன்கூட்டித் தரும் அனுமதியை, பதிவு செய்யும்போது ஓடிபியோ பின் நம்பரோ கட்டாயம். அதன்பின் ஒவ்வொரு முறையும் பணம் பிடிக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக எஸ்எம்எஸ்ஸிலோ மின்னஞ்சலிலோ தகவல் வர வேண்டும். அந்த ஒரு தடவையை மட்டுமோ, மொத்த மேண்டேட்டையுமோ வேண்டாம் என்று சொல்ல வழியும் இருக்க வேண்டும். இந்த வசதிக்காக வாடிக்கையாளரிடம் வங்கி கட்டணம் வாங்கக் கூடாது.

மறுபடி ஓடிபி கேட்காமல் பிடிக்கக்கூடிய தொகையின் எல்லை 2022 ஜூனில் ரூ.5,000-லிருந்து ரூ.15,000 ஆக உயர்ந்தது. மியூச்சுவல் ஃபண்ட், காப்பீட்டுப் பிரீமியம், கிரெடிட் கார்டு பில் ஆகிய மூன்றுக்கு மட்டும் 2023 டிசம்பரில் அது ரூ.1 லட்சமாக்கப்பட்டது. இந்த எல்லையைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் நம் ஒப்புதல் தேவை.

நல்ல வேலிதான். ஆனால் அந்த 24 மணி நேரத் தகவல், கடன் தருகிறோம் என்று கூவும் இருபது குறுஞ்செய்திகளுக்கு நடுவே வந்து விழுகிறது. படிக்காதவருக்கு அந்த வேலி இருந்தும் பயனில்லை.

## யூபிஐ ஆட்டோபே

2020 ஜூலையில் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் அறிமுகப்படுத்திய இந்த வழிதான், இன்று பெரும்பாலோர் யோசிக்காமலேயே விரல் வைக்கிற வழி. இதன் பலமும் ஆபத்தும் ஒரே திரையில் இருக்கின்றன என்பதால் அந்தத் திரையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மாமியின் போனைத் திறந்து ஆட்டோபே பக்கத்துக்குப் போனபோது, அவருக்கே தெரியாமல் அங்கே ஒரு மேண்டேட் உயிரோடு இருந்தது. பக்திப் பாடல்களுக்கான ஏதோ ஒரு செயலியில், ஏழு நாள் சோதனைக்கு ஒரு ரூபாய் என்று கேட்டதால் பின் நம்பரைப் போட்டிருக்கிறார். திரையில் இருந்தவை இவை: பெறுபவர் பெயர் என்ற இடத்தில் செயலியின் பெயருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கம்பெனி; தொகை என்ற இடத்தில் 'அதிகபட்சம் ரூ.999', கால இடைவெளி என்ற இடத்தில் மாதந்தோறும் என்றில்லாமல், 'கேட்கும்போதெல்லாம்' என்ற பொருள் தரும் சொல், முடியும் தேதி என்ற இடத்தில் இன்னும் இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு வரும் ஒரு நாள். ஒரு ரூபாய் என்பது மேலே பெரிய எழுத்தில் இருந்திருக்கும். மற்ற நான்கும் கீழே சின்ன எழுத்தில் இருந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. வாடிக்கையாளரின் அனுமதியில்லாமல் பணம் போனால் அவருக்குப் பொறுப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்த பாதுகாப்பு, இந்த மாதிரி இழப்புக்குச் சுலபமாகக் கைகொடுக்காது. பின் நம்பர் போட்டவர் மாமி. ஆக, ஏட்டின்படி அது அவர் அனுமதித்த பரிமாற்றம். எனவே யூபிஐ ஆட்டோபேயில் உண்மையான பூட்டு என்பது, பதிவு செய்கிற அந்த அரை நிமிடத்தில் உச்சவரம்பையும் இடைவெளியையும் முடியும் தேதியையும் படிப்பதுதான்.

முதல் கேள்வியில் இந்த வழி மதிப்பெண் இழக்கிறது: பணம் நேராகச் சேமிப்புக் கணக்கிலிருந்து போகிறது, தகராறு முடியும் வரை இல்லாமலிருப்பது நம் பணம். நான்காவது கேள்வியில் முதலிடம் இதற்கே. செயலியில் ஆட்டோபே பக்கத்தைத் திறந்து, நிறுத்திவைக்கலாம், மாற்றலாம், ரத்து செய்யலாம். கிளைக்குப் போக வேண்டாம். ஆனால் போனிலிருந்து செயலியை நீக்கிவிட்டால் மேண்டேட்டும் போய்விட்டது என்று நினைப்பது தவறு. அந்த அனுமதி வங்கியில் அப்படியே இருக்கும். அதை ரத்து செய்தால்தான் போகும்.

இன்னொரு சிறு விவரம். 2025 ஆகஸ்ட் முதல், நெரிசல் நேரமான காலை 10 முதல் பிற்பகல் 1 வரையிலும், மாலை 5 முதல் இரவு 9.30 வரையிலும் ஆட்டோபே தொகைகள் பிடிக்கப்படுவதில்லை. ஒரு முயற்சி, அது தோற்றால் மேலும் மூன்று முயற்சிகள், அவ்வளவே. அதிகாலையிலேயே பணம் பிடிக்கப்படலாம் என்பதால், காலையில் வங்கி திறந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடாமல், முதல்நாள் இரவே கணக்கில் பணம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

உச்சவரம்பை மிகக் குறைவாக வைப்பதிலும் வம்பு உண்டு. செம்பூர் தம்பதியர் மார்ச்சில் பில் ரூ.1,900 வந்ததைப் பார்த்து ரூ.3,000 என்று வைத்தார்கள். மே மாதம் இரண்டு அறையிலும் ஏசி ஓடியதில் பில் ரூ.3,640. மேண்டேட் அந்தத் தொகையை ஏற்கவில்லை. கட்டியாகிவிட்டது என்றே இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மும்பையில் கரண்ட் பில்லுக்கு உச்சவரம்பு வைக்கும்போது, சென்ற வருடத்து மே மாத பில்லை எடுத்துப் பார்த்து, அதன்மேல் பாதி சேர்த்து வைப்பதே சரி.

சிறிய, அளவு மாறாத தொகைகளுக்கு, அதாவது ஓடிடி, இணையம், போன், சிறிய எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் தொகை) போன்றவற்றுக்கு, என் முதல் தேர்வு இதுவே. சம்பளமோ ஓய்வூதியமோ விழுகிற கணக்கோடு இதை இணைக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. அதைப் பின்னால் விளக்குகிறேன்.

## கிரெடிட் கார்டு

முதல் கேள்விக்கு மிகச் சிறந்த விடை தருவது கிரெடிட் கார்டு. தவறாக ஒரு தொகை ஏறினால், அது வங்கியின் பணம். ஸ்டேட்மென்ட் வந்து, கடைசித் தேதி வரும் வரை நம் கணக்கிலிருந்து ஒரு பைசா நகர்வதில்லை. அதற்குள் தகராறு எழுப்பலாம். மோசடி என்று தகராறு எழுப்பிய தொகைக்கு, அது தீரும் வரை கட்டணம் எதுவும் போடக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. இன்னொரு மாற்றமும் மன நிம்மதி தருவது: 2022 அக்டோபர் முதல், விற்பவர்கள் நம் கார்டு நம்பரைத் தங்களிடம் சேமித்து வைக்க முடியாது, அதற்குப் பதில் டோக்கன் என்னும் மாற்று எண் மட்டுமே அவர்களிடம் இருக்கும். ஒரு கடையின் கணினியை யாராவது உடைத்தாலும் கார்டு நம்பர் கிடைக்காது.

இனி மறைமுகச் செலவுகள். ஸ்டேட்மென்ட் தொகையை முழுதாகக் கட்டாதவருக்கு வட்டி, வருடக் கணக்கில் பார்த்தால் 40 சதவீதத்தை ஒட்டி ஓடும். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால், புதிதாக ஏறும் கரண்ட் பில்லுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். இரண்டாவதாக, 2024 முதல் பல வங்கிகள், கார்டில் கட்டும் மின்சாரம், எரிவாயு போன்ற பில்கள் மாதத்துக்கு ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் 1 சதவீதம் கட்டணம் வாங்குகின்றன. அந்த எல்லை வங்கிக்கு வங்கி மாறும். சாதாரணக் குடும்பம் அதைத் தொடுவது அரிது. ஆனாலும் ரிவார்டு பாயின்ட்டுக்காகச் சொந்தக்காரர்கள் பில்லையெல்லாம் தன் கார்டில் கட்டிக்கொடுப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது செலவை நான் நேரில் கட்டியிருக்கிறேன். தாதர் ஸ்டேஷனில் பர்ஸ் தொலைந்தது. கார்டை உடனே முடக்கிவிட்டேன். புதுக் கார்டு ஒரு வாரத்தில் வந்துவிட்டது. பழைய கார்டில் இருந்த மேண்டேட்கள் புதியதற்குத் தானாக மாறிவிடும் என்று எண்ணி இருந்துவிட்டேன். இணைய இணைப்பு நின்றபோதுதான் மண்டையில் உறைத்தது. அதைச் சரிசெய்தவன், வருடத்துக்கு ஒருமுறை கட்டும் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியமும் அதே கார்டில்தான் இருந்தது என்பதை மறந்துபோனேன். வருடப் பிரீமியத்துக்குத் தரப்படும் 30 நாள் சலுகைக் காலத்தில் 26-ஆம் நாள், வேறு எதையோ தேடப்போய் அது கண்ணில் பட்டது. நான்கு நாள் தள்ளிப் பார்த்திருந்தால் பாலிசியே காலாவதியாகியிருக்கும். மாதாமாதம் பிடிக்கப்படுவது நின்றால் யாராவது போன் செய்வார்கள். வருடத்துக்கு ஒருமுறை பிடிக்கப்படுவது நின்றால் அப்படிச் சட்டென்று தெரிவதில்லை. கார்டு மாறினால், முதலில் வருடாந்திர மேண்டேட்களைத்தான் தேட வேண்டும்.

தொகை மாறிக்கொண்டே இருக்கும் பில்களுக்கும், முன்பின் தெரியாத கம்பெனிகளின் சந்தாக்களுக்கும், ஒவ்வொரு மாதமும் முழுத் தொகையையும் கட்டிவிடுகிற பழக்கம் உள்ளவருக்கு, இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. அந்தப் பழக்கம் இல்லாதவர் இந்தப் பத்தியை மறந்துவிடுவது நல்லது.

## நாச் மேண்டேட்

வீட்டுக் கடன், வண்டிக் கடன், பெரிய எஸ்ஐபி என்று வந்துவிட்டால், பெரும்பாலும் நாம் தேர்ந்தெடுப்பதற்கு ஒன்றுமில்லை. கடன் கொடுப்பவர் நாச் கேட்பார், அதாவது தவணைதோறும் நம் வங்கிக் கணக்கிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும் அனுமதி; கையெழுத்துப் போடுவோம். முன்பு ஈசிஎஸ் என்று இருந்ததன் வாரிசு இது. 2021 ஆகஸ்ட் 1 முதல் ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் பாராமல் எல்லா நாளும் இயங்குகிறது. ஐந்தாம் தேதி ஞாயிறு என்றால் ஆறாம் தேதிதானே எடுப்பார்கள் என்ற பழைய கணக்கு இனிச் செல்லாது; டாக்சிக்காரர் மாட்டிக்கொண்டது இதில்தான்.

மேலே சொன்ன 24 மணி நேர முன்னறிவிப்பு விதி, கார்டு, வாலட், யூபிஐக்கானது, நாச்சுக்கு அல்ல. கடன் நிறுவனம் தானாகவே நினைவூட்டல் அனுப்பலாம், அனுப்பாமலும் இருக்கலாம்.

பணம் இல்லாவிட்டால்? நம் வங்கி சில நூறு ரூபாயும் ஜிஎஸ்டியும் பிடிக்கும். கடன் நிறுவனம் தன் பங்குக்கு ஒரு தொகை போடும். அதே தவணையை இரண்டு நாள் கழித்து மறுபடி அனுப்பினால், வங்கியின் அபராதம் மறுபடியும் ஏறும். டாக்சிக்காரருக்கு ஒரே மாதத்தில் இப்படி மூன்று தடவை. கணக்கில் அவர் போட்ட பணத்தை முதல் அபராதம் தின்றுவிட, அதனால் குறைந்த இருநூற்றுச் சொச்சம் ரூபாய்க்காக இரண்டாம் தடவையும் பவுன்ஸ். போதாததற்குக் கடன் தகுதி மதிப்பெண்ணிலும் அடி.

இதற்கு மேல் சட்டமும் இருக்கிறது. காசோலை திரும்பினால் வழக்கு வரும் என்பது ஊரறிந்த விஷயம். மின்னணு மேண்டேட் திரும்பினாலும் வழக்குப் போடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைமைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி, போதிய பணமில்லாமல் மேண்டேட் திரும்பினால், 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பலாம். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் கட்டாவிட்டால், இரண்டு ஆண்டு வரை சிறையோ, தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

நிறுத்துவதும் எளிதல்ல. நெட் பேங்கிங்கில் சில வங்கிகள் வசதி தந்திருக்கின்றன. மற்றவற்றில் கிளைக்குப் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்போது யூஎம்ஆர்என் எனப்படும் மேண்டேட் எண் கேட்பார்கள். அது பாஸ்புக்கிலோ ஸ்டேட்மென்ட்டிலோ இருக்கும். வங்கியிடம் ரத்து செய்த பின்பும் பணம் பிடிக்கப்பட்டால், பொறுப்பு நம் வங்கியுடையது; மறுநாளுக்குள் சரிசெய்ய வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு என்று ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை சொல்கிறது. ரத்து செய்ததற்கு ஒப்புகை கையில் இருந்தால்தான் இதைக் கேட்க முடியும்.

கரண்ட் பில்லுக்கும் கேஸ் பில்லுக்கும் நாச் கொடுக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. கடன் தவணைக்கு மட்டும், அதுவும் தவணைத் தேதியைச் சம்பள நாளிலிருந்து மூன்று நான்கு நாள் தள்ளிக் கேட்டு வாங்கிக்கொண்டு, கொடுக்கலாம்.

## டெபிட் கார்டும் நிலையான உத்தரவும்

டெபிட் கார்டைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. யூபிஐயின் பலவீனமான, நம் பணமே முதலில் போவது, இதிலும் உண்டு. கிரெடிட் கார்டின் பலவீனமான, கார்டு மாறினால் மேண்டேட் அறுந்துபோவது, இதிலும் உண்டு. வேறு எதையும் ஏற்காத சந்தாவுக்கு மட்டும்.

வங்கிக்கு நாமே கொடுக்கும் நிலையான உத்தரவு வேறு ரகம். இதில் எவரும் நம் கணக்கிலிருந்து இழுப்பதில்லை. நாம் சொன்ன தேதியில், நாம் சொன்ன தொகையை வங்கி தள்ளுகிறது. வாடகை, சொசைட்டி மெயின்டெனன்ஸ், ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பும் பணம் போன்ற மாறாத தொகைகளுக்கு இதற்கு ஈடு இல்லை. மாறும் பில்லுக்கு இது உதவாது.

## ஒரே பார்வையில்

| கேள்வி | யூபிஐ ஆட்டோபே | கிரெடிட் கார்டு | நாச் | டெபிட் கார்டு |
|---|---|---|---|---|
| தகராறின்போது யார் பணம் வெளியே | நம்முடையது | வங்கியுடையது | நம்முடையது | நம்முடையது |
| உச்சவரம்பு | பதிவின்போது பார்த்து ஏற்பது | பதிவின்போது பார்த்து ஏற்பது | பெரும்பாலும் கடன் கொடுப்பவர் எழுதுவது | பதிவின்போது பார்த்து ஏற்பது |
| 24 மணி நேர முன்னறிவிப்பு | கட்டாயம் | கட்டாயம் | அந்த விதியில் இல்லை | கட்டாயம் |
| நிறுத்துவது | செயலியில் உடனே | வங்கியின் தளத்தில் | பல இடங்களில் கிளையில் | வங்கியின் தளத்தில் |
| பணம் இல்லாவிட்டால் | பில் கட்டப்படாமல் நிற்கும் | முழுதாகக் கட்டாவிட்டால் வட்டி | அபராதம், வழக்கு வரை | பில் கட்டப்படாமல் நிற்கும் |

## பில்லுக்கென்று ஒரு தனிக் கணக்கு

எந்த வழி என்பதைவிட, அந்த வழி எந்தக் கணக்கில் போய் முடிகிறது என்பதற்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். சம்பளமும் சேமிப்பும் இருக்கும் கணக்கில் ஒரு மேண்டேட்கூட இருக்கக் கூடாது. வேறொரு வங்கியில் ஒரு கணக்கு. மாத பில்களின் கூட்டுத்தொகையைப் போல் ஒன்றேகால் மடங்கு அதில். முதன்மைக் கணக்கிலிருந்து மூன்றாம் தேதி நிலையான உத்தரவு மூலம் அந்தத் தொகை அங்கே போய் விழும். யூபிஐ ஆட்டோபே எல்லாம் அந்தச் சின்னக் கணக்கோடு மட்டும் இணைந்திருக்கும். யார் எந்த ஓட்டையில் கைவிட்டாலும் போவது அந்த மாதத்துப் பில் பணம் மட்டுமே. மளிகை டப்பாவுக்குள் பால்காரனுக்கு, பேப்பர்காரனுக்கு என்று தனித்தனியாகப் பணத்தை மடித்து வைத்த நம் பாட்டிமார் செய்ததும் இதுதான்.

இதற்கும் செலவு உண்டு. குறைந்தபட்ச இருப்பு கேட்கும் வங்கியில் இந்தக் கணக்கை வைத்தால், பில் கட்டி முடிந்ததும் இருப்பு இறங்கி அபராதம் வரும். ஸ்டேட் வங்கி 2020-இலேயே சேமிப்புக் கணக்குகளுக்கு அந்த நிபந்தனையைக் கைவிட்டது; கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் 2025-இல் கைவிட்டன. தனியார் வங்கியில் வைப்பதென்றால் கட்டண அட்டவணையைப் படித்துவிட்டு வையுங்கள்.

பில் கட்டும் செயலியைப் பற்றி ஒரு வார்த்தை. மாதுங்காவுக்கு பெஸ்ட், புறநகரின் பெரும்பகுதிக்கு அதானி அல்லது டாடா, முலுண்டுக்கு மகாவிதரண், எரிவாயுவுக்கு மகாநகர் கேஸ் என்று யார் பில் அனுப்பினாலும், பாரத் கனெக்ட் என்று இப்போது பெயர் மாறியிருக்கும் பிபிபிஎஸ் என்னும் பொதுவான பில் கட்டணக் கட்டமைப்பின் வழியாகக் கட்டுவது நல்லது. நாம் தட்டச்சு செய்யும் தொகை அல்லாமல் பில்லின் உண்மையான தொகையே அங்கிருந்து வருகிறது. கட்டியதற்குப் பரிமாற்ற எண்ணும் கிடைக்கிறது, தகராறு என்றால் அதுவே ஆதாரம்.

## மூன்று வீடுகளுக்கும்

மாமிக்கு: ஓய்வூதியக் கணக்கைத் தொடாமல், மாதுங்காவிலேயே வேறொரு வங்கியில் சின்னக் கணக்கு, கரண்ட், கேஸ், போன் மூன்றும் யூபிஐ ஆட்டோபேயில், முன்னறிவிப்பு மின்னஞ்சலாகப் புனேயில் இருக்கும் மகளுக்கும் போகும்படி ஏற்பாடு. பக்திப் பாடல் மேண்டேட்டை அவர் கையாலேயே ரத்து செய்யச் சொன்னேன், எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. இந்த ஏற்பாட்டுக்கு எதிர்பாராத ஒரு பலனும் உண்டு. 'சென்ற மாத பில் பதிவாகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்கு அழைக்கவும்' என்று சில வருடங்களாகச் சுற்றும் மோசடிக் குறுஞ்செய்தி வந்தால், பில் எந்தத் தேதியில் எந்தக் கணக்கிலிருந்து போனது என்று அவரால் உடனே பார்த்துவிட முடியும். பதறிப்போய் அழைக்கத் தேவையில்லை.

செம்பூர் தம்பதியருக்கு: கரண்ட், கேஸ், காப்பீடு, ஓடிடி எல்லாம் ஒரே கிரெடிட் கார்டில், அந்தக் கார்டைக் கடைகளில் நீட்டுவதில்லை, பர்ஸில் வைத்துக்கொள்வதும் இல்லை. வெளியே போகாத கார்டு தொலைவதில்லை, ஆகவே மேண்டேட்களும் அறுவதில்லை. கார்டு பில்லின் முழுத் தொகைக்குச் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் தானியங்கி ஏற்பாடு; சம்பளக் கணக்கில் மேண்டேட் கூடாது என்றதற்கு இது ஒன்றே விலக்கு. குறைந்தபட்சத் தொகை என்ற தெரிவு அங்கேயும் இருக்கும். சில படிவங்களில் அதுவே முன்கூட்டித் தேர்வாகியிருக்கும் என்பதால் பார்த்துக் குறியிட வேண்டும்.

டாக்சிக்காரருக்கு: ஆட்டோபே வேண்டவே வேண்டாம். கரண்ட் பில்லைக் கையில் பணம் இருக்கிற அன்று யூபிஐயில் தானே கட்டிக்கொள்ளலாம். தவிர்க்க முடியாத வண்டித் தவணைக்கு மட்டும் தனிக் கணக்கு. தினமும் வண்டியை நிறுத்தியதும், தவணையை 26-ஆல் வகுத்த தொகையை அதில் போட்டுவிட வேண்டும், நான்கு நாள் ஓட்டமில்லாமல் போனாலும் தாங்கும். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டே வாங்க வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார்.

## தவறு நடந்துவிட்டால்

முதல் வேலை பணத்தைக் கேட்பதல்ல, மேண்டேட்டை ரத்து செய்வது. இல்லாவிட்டால் புகார் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த மாதத் தொகையும் போய்விடும். ரத்தான பக்கத்தை நேரத்தோடு படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் அனுமதியே இல்லாமல் போன பணம் என்றால், நாள் எண்ணிக்கை முக்கியம். 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, தவறு வங்கியிடமும் இல்லாமல் உங்களிடமும் இல்லாமல் வேறெங்கோ இருந்தால், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னவருக்கு இழப்பு இல்லை. நான்கிலிருந்து ஏழு நாளுக்குள் சொன்னால் சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு ரூ.10,000 வரை இழப்பு ஏற்க நேரலாம். சொன்ன பத்து வேலை நாளுக்குள் வங்கி தற்காலிகமாகத் தொகையைக் கணக்கில் வைக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியுடையது. மோசடி என்று உறுதியாகத் தெரிந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே சொல்ல வேண்டும்.

வங்கியிடம் எழுத்தில் கொடுத்து 30 நாள் கழிந்தும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். எப்படிச் செய்வது என்பதற்கு 14448 என்ற எண்ணில் கேட்கலாம். இணையத்தில் தேடி முதலில் வரும் 'வாடிக்கையாளர் சேவை' எண்ணை மட்டும் அழைக்காதீர்கள்; கார்டின் பின்புறத்திலோ பாஸ்புக்கிலோ அச்சிட்டிருக்கும் எண்ணே போதும். ஆட்டோபேயை ரத்து செய்துதருகிறேன் என்று சொல்லி, திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொல்பவர் எவராக இருந்தாலும் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். ரத்து செய்ய வேறொருவர் உங்கள் திரையைப் பார்க்க வேண்டிய தேவை, எந்த வங்கியிலும் எந்தச் செயலியிலும் இல்லை.